நீர்நாய் இருந்ததற்கு அத்தாட்சி

ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு ஹவுஸில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். வேலையும் அதுதான். மோட்டாருக்குத் தண்ணீர் போகிற வாய்க்கு முன்னால் முப்பத்திரண்டு இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டு ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார்கள். ஆறு எதைக் கொண்டுவந்தாலும் அதில் வந்து அப்பிக்கொள்ளும். ஆகாயத்தாமரை, பாட்டில், ஒற்றைச் செருப்பு, தெர்மோகோல், செத்த கோழி. பதினான்கு அடி நீள வாரியைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் கொடுத்து, எல்லாவற்றையும் மேலே இழுத்து மேடையில் போட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை. பத்தொன்பது வருஷமாக.

"என்ன, கம்பி எண்ணுறவரே" என்று பம்பு ஆப்பரேட்டர் கூப்பிடுவார். ஜெயிலுக்குப் போனவனாவது ஒரு நாள் வெளியே வருவான் என்று இவர் பதில் சொல்வார். முதல் இரண்டு வருஷம் இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது கேள்வியும் பதிலும் மட்டும் நடக்கிறது.

வலது தோள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கையைக் காதுக்கு மேலே தூக்க வராது. காலையில் சட்டையை மனைவிதான் மாட்டிவிடுவாள், சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி முதலில் வலது கையை நுழைத்து. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று மனைவி அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

இதற்கெல்லாம் விடிவு மாதிரி ஒரு மெஷின் வந்திருந்தது. கம்பியில் மாட்டுவதைத் தானே வாரி மேலே கொண்டுவந்து கொட்டுகிற மெஷின். என்ஜினியர் நாலு வருஷம் கடுதாசி எழுதி, ஆபீஸ் ஆபீஸாக நடந்து வாங்கியது. என்ஜினியருக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. போவதற்குள் அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தார். மெஷின் ஷெட்டில் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதைப் பொருத்திவிட்டால் கம்பிக்காரருக்கு நாற்காலி. உட்கார்ந்துகொண்டு பொத்தானை அமுக்கினால் போதும். மனைவி பழைய போர்வையை வெட்டி நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

மெஷினைப் பொருத்த மேடைக்குப் பக்கத்துக் கரையை நாற்பது மீட்டருக்கு வெட்ட வேண்டும். அங்கே இருக்கிற மரத்தின் வேரைத் தோண்டி எடுத்து, பாறைகளை உடைத்து, கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். ஆற்றங்கரையில் கை வைப்பதற்கு முன்னால் அங்கே என்ன உயிர் குடியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு ஆபீஸ் உண்டு. அங்கிருந்து ஒரு அம்மாள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது காலணி வாய் பிளந்திருந்தது. இதோடு பதினோராவது பம்பு ஹவுஸ் என்றார். ஜீப்பில் உட்கார்ந்து பன் தின்றுவிட்டு இறங்கி, மேடையின் கோடியில் பாதி தண்ணீருக்குள் கிடக்கிற தட்டைப் பாறையைப் பார்த்தார். அப்படியே குந்திவிட்டார்.

"இங்க நீர்நாய் இருக்கு" என்றார்.

கம்பிக்காரர் அதைப் பல தடவை பார்த்திருக்கிறார். தெருநாய் நீந்துகிறது என்று விட்டுவிடுவார். தண்ணீரில் வருகிற எதையும் அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: கம்பியில் மாட்டுவது, மாட்டாதது. அது மாட்டாது. அதனால் அவர் கணக்கில் அது இல்லை.

அந்த அம்மாள் அவரைக் கூப்பிட்டுப் பாறை மேல் கிடந்த எச்சத்தைக் காட்டினார். தொட வேண்டாம், மோந்து பாருங்கள் என்றார். பத்தொன்பது வருஷம் குப்பையில் நின்ற மூக்கு. அதற்கு எதுவும் நாறாது. ஆனாலும் இது தனியாகத் தெரிந்தது. பழைய மீன் எண்ணெயில் வாடின புல்லை ஊறப்போட்ட மாதிரி. குச்சியால் உடைத்தால் உள்ளே மீன் செதில், முள், நண்டு ஓட்டின் சிவப்புத் துணுக்கு. கீரி போட்டதாக இருந்தால் மயிர் இருக்குமாம். நாய் போட்டதைக் கம்பிக்காரரே சொல்லிவிடுவார். சேற்றில் காலடித் தடம் இருந்தது. நாய்க்கு நாலு விரல் பதியும். இதற்கு ஐந்து, விரலுக்கு விரல் இடையில் தோல் ஒட்டின அடையாளத்தோடு.

உயிரோடு பார்க்கும்போது எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். நாய் நீந்தினால் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவன் மாதிரி அடித்துக்கொண்டு போகும். நீர்நாய் சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி போகும். தட்டைத் தலை, கொஞ்சம் முதுகு, பின்னாலேயே அடி பருத்த வால். முங்கினால் மேலே குமிழி ஒரு கோடாக நகரும். நீர்க்காகத்தையும் பலர் அதுதான் என்று எழுதிவிடுகிறார்கள், கழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

நீர்நாய் இந்த வழியாகப் போகிற வருகிற பிராணியா, இங்கேயே குட்டி போட்டுக் குடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. போகிறது வருகிறது என்றால் வேலையைத் தொடங்கலாம். குடியிருக்கிறது என்றால் குட்டிகள் வளர்ந்து கிளம்புகிற வரை கரையைத் தொடக்கூடாது. அதற்குள் மழை வந்துவிடும், ஆறு ஏறிவிடும். பிறகு அடுத்த கோடையில்தான் மண்வெட்டி விழும். ஆகமொத்தம் ஒரு வருஷம். இதை என்ஜினியர் கம்பிக்காரரிடம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

அந்த அம்மாள் முப்பது நாளைக்கு ஒரு தாள் கொடுத்தார். தேதி, கண்ணால் பார்த்தது, தடம், எச்சம் என்று நாலு கட்டம். பாறையை மட்டும் கழுவாமல் விட்டுவிடுங்கள், சேர்வது சேரட்டும், முப்பதாம் நாள் வந்து பார்த்து எண்ணுகிறேன் என்றார்.

கம்பிக்காரர் நாற்பத்தாறு வயதில் சங்கத்துக் கட்டடத்து மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவர். படித்ததற்குச் சம்பளத்தன்று கையெழுத்துப் போட்டதோடு சரி. இப்போதுதான் தினம் எழுத ஒரு காரியம் வந்தது. விடிகாலையில் மேடைக்கு வந்ததும் முதலில் ஆற்றைப் பார்ப்பார். பிறகு பாறையை. பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைப்பார். 'பார்த்தேன். தலை, முதுகு, வால். ஒன்று.' முப்பது நாளில் ஒன்பது நாள் கண்ணாலேயே பார்த்தார். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு சின்னத் தடமும் சேற்றில் தெரிந்தது. அதையும் எழுதினார்.

வீட்டில் மனைவி தாளை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்க வராது. கட்டங்கள் நிரம்பியிருப்பது தெரிந்தது.

"ஏங்க, நம்ம மெஷினுக்கு நீங்களே வேட்டு வைக்கிறீங்களா?"

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன், முடிவு பண்ணுகிறவர்கள் வேறே என்றார். அவள் தைலத்தை அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

முப்பதாம் நாளுக்கு முந்தின சாயங்காலம் என்ஜினியர் போன் பண்ணினார். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த அம்மாளோடு வருகிறேன், இடம் சுத்தமாக இருக்கட்டும் என்றார். எல்லா அதிகாரி வருகைக்கும் சொல்கிற வார்த்தைதான்.

மறுநாள் கம்பியில் ஏராளமாக அடைத்திருந்தது. மேலே எங்கேயோ ஒரு வாழைத்தோட்டத்தில் வெட்டிப் போட்டதெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. நனைந்த வாழைமட்டை கல்லாகக் கனக்கும். ஆறரை மணிக்குள் ஆறு வண்டி இழுத்துப் போட்டார். தோள் எரிந்து, மரத்து, பிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. மேடையைப் பெருக்கினார். பிளீச்சிங் பவுடர் தூவினார். தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்துக்கொண்டே போனார். மேடை முடிந்தது, படி முடிந்தது, கை நிற்கவில்லை. நீண்ட துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீர் அடித்து, நிமிர்ந்து பார்த்தபோது தட்டைப் பாறை பல் விளக்கின மாதிரி வெள்ளையாக இருந்தது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதை நிறுத்தவில்லை.

தெரியாமல்தான் செய்தோமா? பத்தொன்பது வருஷமாக அதிகாரி வருகிறார் என்றால் கழுவிய கை. அது யாரையும் கேட்காது. ஆனால் அதே கைதான் வலிக்கிற கை. நாற்காலி வேண்டும் என்று அதற்கும் இருக்குமே. அவருக்கே பிடிபடவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை. குழாயை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு வந்தார்கள். அந்த அம்மாள் தாளை வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே பாறைக்குப் போனார், நின்றார், திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ராத்திரி தண்ணீர் ஏறி இறங்கியிருக்கும் என்று என்ஜினியரே சொல்லிவிட்டார். கம்பிக்காரர் துடைப்பத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். சேற்றுப் பக்கமும் வாழைமட்டையை இழுத்த இழுப்பில் தடமெல்லாம் கலைந்துகிடந்தது.

கண்ணால் பார்த்தால்கூடப் போதும் என்று மூன்று பேரும் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம். முதலில் வந்தது நீர்க்காகம். முங்கி எழுந்து, கழுத்தை நீட்டி, இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் எதிர்க்கரையிலிருந்து ஒன்று நீந்தி வந்தது. அந்த அம்மாள் பைனாகுலரைத் தூக்கினார். கம்பிக்காரர் வெறும் கண்ணாலேயே, நாய் மேடம் என்றார். நாய்தான். கரையேறி உடம்பை உதறி, என்ஜினியர் பேன்ட்டெல்லாம் தெளித்தது.

என்ஜினியர் பொல்லாதவர் இல்லை. துடைத்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னார். இந்த ஆள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்கிறவர், தண்ணீரில் நீர்க்காகம் போனாலும் நாய் போனாலும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆளைக் குறை சொல்லவில்லை, எழுதினதை வைத்து ஒரு வருஷத்தை நிறுத்த முடியுமா என்றார். கம்பிக்காரர் பக்கம் குனிந்து, "உனக்காகத்தான்ப்பா சொல்றேன்" என்றும் சொன்னார். அது உண்மை என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மாள் களைத்திருந்தார். இன்னும் இரண்டு இடம் போக வேண்டுமாம். பழைய எச்சத்தை ஒரு மாதத்துக்கு முன்னால் தானே பார்த்ததால் நீர்நாய் வந்து போகிறது என்று எழுதலாம், குடியிருக்கிறது என்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். கோப்பில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினார்.

கம்பிக்காரர் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'தொடர்ந்து நடமாடியதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை.' பேனா கையில் இருந்தது. ஷெட்டில் மெஷின் இருந்தது. ஒரு கையெழுத்து போட்டால் மழைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடலாம். சட்டைப் பையில் தாள் மடித்தபடி இருந்தது, அவர் கையால் எழுதின முப்பது வரி.

"நான் கழுவிட்டேன் மேடம்" என்றார்.

"எதை?"

"பாறையை. தண்ணி ஏறல. நான்தான் காலையில கழுவினேன்."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். வேண்டுமென்றேவா என்று கேட்டார்.

"அதான் எனக்கும் தெரியல" என்றார்.

என்ஜினியர் பெருமூச்சு விட்டார். சரி, கழுவினதாகவே வைத்துக்கொண்டாலும் இப்போது காட்ட ஒன்றும் இல்லையே என்றார். அந்த அம்மாளும் அதையேதான் சொன்னார். சொன்னதை நம்புகிறேன், ஆனால் சொன்னதை எடுத்துப் பையில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோக முடியாது என்றார்.

அப்போதுதான் கம்பிக்காரருக்கு மேடை ஞாபகம் வந்தது. பாறையைத்தான் கழுவக்கூடாது என்றிருந்தது. மேடையைத் தினமும் பெருக்கித்தானே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆப்பரேட்டர் வழுக்கி விழுவார். அந்தப் பிராணி மேடை மீதும் ஏறி ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போகும். காலையில் அதைப் பெருக்கி, குப்பையோடு குப்பையாக வண்டியில் அள்ளிக் கொட்டிவிடுவார். அவருக்கு அது குப்பை. குப்பைக்குள் அத்தாட்சி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பம்பு ஹவுஸுக்குப் பின்னால், சிமெண்டுப் பலகை அடுக்கின காம்பவுண்டுச் சுவர். தூணுக்குத் தூண் ஒரு பலகை. ஈரக் குப்பையை லாரிக்காரன் ஏற்ற மாட்டான், காய்ந்தால்தான் ஏற்றுவான். அதனால் கம்பிக்காரர் ஒரு பலகைக்கு முன்னால் ஒரு நாள் குப்பை, அடுத்த பலகைக்கு முன்னால் அடுத்த நாள் குப்பை என்று வரிசையாகக் கொட்டுவார். லாரி வந்து நாற்பது நாளாகப்போகிறது. ஒவ்வொரு குவியலுக்கும் அவருக்குத் தேதி தெரியும். அதைச் சொல்லி அவர்களை அங்கே கூட்டிப்போனார்.

"இந்தக் குப்பையெல்லாம் இந்தக் கம்பியில வந்ததுதானா? வெளியில இருந்து எதுவும் சேராதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"வெளியில இருந்து குப்பை வாங்குற அளவுக்கு நமக்கு வசதி இல்ல மேடம்."

ஆப்பரேட்டர் சிரித்துவிட்டார். என்ஜினியர் சிரிக்கவில்லை.

முள்வாரி எடுத்துக்கொண்டு கம்பிக்காரர் முதல் நாள் குவியலில் இருந்து ஆரம்பித்தார். காலையில் பெருக்கினதுக்கு மேல் அன்றைய குப்பை விழும். ஆகவே நடுவில் எங்கேயாவது இருக்கும். அதோடு குப்பை காயக் காய அமுங்கும், இடுக்கு வழியே உள்ளே இறங்கும். மேலே கிடக்கிற ஆகாயத்தாமரைச் சருகைப் புரட்டி, மண்டியிட்டு, இடது கையால் துழாவ வேண்டியிருந்தது. வெயில் நடு முதுகில் அடித்தது. முதல் குவியலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதில் பீங்கான் துண்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கட்டி ஒன்று. அந்த அம்மாள் உடைத்தார். செதில் மினுங்கியது.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. அந்த அம்மாளும் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆப்பரேட்டர், நம்ம ஊர்லயே பீயைத் தேடி எடுக்கிற முதல் கமிட்டி இதுதான்ணே என்று முனகிக்கொண்டே பலகைக்குப் பலகை சாக்கட்டியால் நம்பர் போட்டார். தோள் பாதியில் கைவிட்டது. கம்பிக்காரர் முள்வாரியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையால் கிளறினார். மத்தியானம் இரண்டு மணி ஆகும்போது முப்பது குவியலில் இருபத்துமூன்றில் கிடைத்திருந்தது. பதினாலாம் நாள் குவியலிலிருந்து சுண்டு விரல் நுனியளவு சின்னதுகளும் இருந்தன. அந்த அம்மாள் அவருடைய தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, இந்த எட்டாம் தேதி எச்சம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, குவியலில் இருக்கிறதே என்றார்.

அன்றைக்குப் பாறையில் இல்லை, மேடையைப் பார்க்கவில்லை, தூக்கம் என்றார் அவர்.

கோப்பில் எழுதினதைக் குறுக்கே அடித்துவிட்டு, அந்த அம்மாள் வேறு எழுதினார். இந்தத் தடவை அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

என்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கேட் வரைக்கும் கூடவே நடந்து போனார் கம்பிக்காரர்.

"இனிமே என்கிட்ட வந்து தோள் வலிக்குதுன்னு சொல்லாத" என்றார் என்ஜினியர். இரண்டடி போய்விட்டு, "கூட ஒரு ஆள் கேட்டு எழுதிப் பாக்குறேன். கொடுக்க மாட்டாங்க" என்றும் சொன்னார். அவருடைய எட்டு மாதம் அடுத்த கோடைக்குள் முடிந்துவிடும் என்பதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

கிளறின குவியலையெல்லாம் மறுபடி கூட்டி ஒதுக்கினார். அதற்குள் கம்பியில் அடைத்துவிட்டது. இழுத்தார். ஐந்து மணிக்குக் கிளம்பினார். வீட்டு மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றார்.

மனைவி சட்டையைக் கழற்றிவிட்டாள். நகக்கண்ணில் இருந்த அழுக்கைப் பார்த்து, இன்றைக்கு என்ன குப்பைக்குள்ளேயே புரண்டீர்களா என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். கழுவினதையும் சொன்னார். குவியலைப் பற்றி அவராகப் போய்ச் சொன்னதையும் சொன்னார். அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். அவள் கை ஒரு தடவை நின்றது, பிறகு பிழிந்தது.

"சும்மா இருந்திருக்கலாம்ல? கழுவினது கழுவினதா போயிருக்கும்."

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அதுல ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருந்துச்சு. அப்ப நான் முப்பது நாள் எழுதினது?"

"அது பொய்யாப் போனா என்ன குடிமுழுகிப் போச்சு? யாரு படிக்கப்போறா?"

அவள் சூட்டுத் துணியைத் தோளில் வைத்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவள், தான் வேலை பார்க்கிற இஸ்திரிக் கடையில் சொல்லிவிட்டுக் காலையில் இரண்டு மணி நேரம் தானும் கூட வருவதாகச் சொன்னாள். நீங்கள் இழுங்கள், நான் அள்ளுகிறேன், யார் கேட்பது என்றாள். அவர் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்லவும் பலம் வேண்டுமே. அது காதில் விழுகிற மாதிரிகூட வரவில்லை.

"ஆமா, குட்டி எத்தனை?" என்று கேட்டாள்.

"தெரியல."

"பாத்தீங்கல்ல?"

"குட்டியை எங்க பாத்தேன். அதுங்க போட்டதைத்தான் பாத்தேன்."

அவள் துணியை எடுத்து மறுபடி வெந்நீரில் நனைத்தாள்.

"எத்தனைன்னுகூடத் தெரியாமயா ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்தீங்க?" என்றாள். திரும்பிப் பார்த்தால், அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.